பைக்குக்கு அடியில் பச்சைச் சொட்டா? ரேடியேட்டர் லீக்கை இப்படிக் கையாளுங்கள்!

கடலூர் ரோட்டில் கன்னியகோவில் பக்கம் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறீர்கள். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், பைக்குக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஏதோ தேங்கியிருக்கிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. பாகூர் கூப்பிடு தூரம்தான். "அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாம், காலைல மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டிக்கலாம்" என்று மனசு சொல்லும்.

அந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தளர்ந்துபோன ஒரு கிளிப்பையோ, வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸையோ மாற்றுவது சின்னச் செலவு. கூலன்ட் இல்லாமல் ஓட்டி ஹெட் வளைந்துவிட்டால், அல்லது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால், பல மாதச் சம்பளம் போய்விடும். லீக் எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் செய்கிற இரண்டு மூன்று காரியங்கள்தான் செலவு சின்னதா பெரியதா என்பதை முடிவு செய்கின்றன.

உங்கள் பைக்குக்கு ரேடியேட்டர் இருக்கிறதா?

ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட், ஆக்டிவா வைத்திருப்பவர்கள் நிம்மதியாக ஸ்க்ரோல் செய்து போகலாம். அவையெல்லாம் காற்றால் குளிரும் இன்ஜின்கள். 2008-ல் யமஹா ஆர்15 வந்த பிறகுதான் ரேடியேட்டர் என்பது நம்மூர் இளைஞர்களின் பேச்சுக்குள் வந்தது. 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2012-ல் கேடிஎம் டியூக் 200, அதே வருஷம் பல்சர் 200 என்எஸ் என்று வரிசை கட்டின. இப்போது டொமினார், எம்டி-15, ட்ரையம்ஃப் ஸ்பீடு 400, ஹிமாலயன் 450 என்று பட்டியல் நீளம். ஏரோக்ஸ் 155 ஸ்கூட்டரில்கூட ரேடியேட்டர் உண்டு.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடலாம். அப்பாச்சி ஆர்டிஆர் 200, பல்சர் என்250 போன்றவற்றில் முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி தெரியும். அது ஆயில் கூலர். அதற்குள் ஓடுவது இன்ஜின் ஆயில். அங்கே ஒழுகினால் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ பிசுக்கென்று இருக்கும். அதற்கும் உடனே வண்டியை நிறுத்த வேண்டும், ஆனால் வைத்தியம் வேறு.

(1971-ல் சுசுகி, ஜிடி750 என்று தண்ணீரால் குளிரும் பெரிய பைக் ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'நீர் எருமை'. பாகூர் ஏரியில் மத்தியானம் மூழ்கிக் கிடக்கும் எருமைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் சொல்லாமலே புரியும்.)

வீட்டு குக்கர்தான் இது

ரேடியேட்டர் மூடியைக் கவனித்துப் பாருங்கள். பல வண்டிகளில் '1.1' என்று ஒரு எண் பொறித்திருக்கும். உள்ளே அழுத்தம் 1.1 பார் வரை ஏறலாம், அதற்கு மேல் போனால் மூடியிலுள்ள ஸ்பிரிங் வால்வு திறந்து கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளும் என்பது அதன் அர்த்தம். குக்கர் வெயிட் செய்கிற அதே வேலை. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இந்த அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் என்றால் அதற்கும் மேலே, 130 டிகிரியை ஒட்டிப் போகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, எங்கேயாவது ஒழுகினால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும், நீராவியாகிப் பறக்கும். அதனால்தான் சின்ன லீக்கில் தொடங்கிய வண்டி, மதிய வெயில் ட்ராஃபிக்கில் திடீரென்று பொங்குகிறது. இரண்டு, சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது, விசில் வராத குக்கரை வலுவில் திறப்பதற்குச் சமம். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் திரவம் அழுத்தம் விலகிய நொடியில் நீராவியாக வெடித்துக் கிளம்பும். பல பைக்குகளில் மூடி டேங்குக்கு அடியில் இருக்கிறது. குனிந்து பார்க்கிற உங்கள் முகம் அதற்கு நேராகத்தான் இருக்கும்.

ரோட்டில் நிற்கிறீர்கள். இப்போது என்ன?

இன்ஜினை அணையுங்கள். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், அது சூட்டைத் தணிக்கத்தான் ஓடுகிறது. வண்டியை நிழலில், சமதரையில் நிறுத்துங்கள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இன்ஜின் மேல் ஊற்ற வரும் நல்ல மனிதர்களிடம், "வேணாம்ணே, தானா ஆறட்டும்" என்று சொல்லிவிடுங்கள். காய்ந்துபோன உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசலோ வளைவோ வரலாம்.

குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டர் மேல் கையை வைத்தால் வைத்தபடியே வைத்திருக்க முடிய வேண்டும். அதன் பிறகும் மூடி மேல் கெட்டியான துணியை மடித்துப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் தடை வரை மட்டும் திருப்புங்கள். 'புஸ்' என்று சத்தம் வந்தால் நிறுத்திக் காத்திருங்கள். சத்தம் அடங்கிய பிறகுதான் அழுத்தி முழுதாகத் திருப்ப வேண்டும்.

ஒருவேளை மேலே பட்டுவிட்டால்? மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். போர்செட் ஓடும் வயல் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். முகம், கண், அல்லது உள்ளங்கையை விடப் பெரிய இடம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் கோடு கீழேதான் இருக்கிறது, அதனால் பிரச்னை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த சென்ஸார் அளப்பது கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட்டே வடிந்துபோய் சென்ஸார் வெறும் காற்றில் தொங்கினால், அது காட்டுவதை நம்ப முடியாது.

தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம். வீடு சேர்வதற்கு மட்டும். ஆறிய பிறகு, மெதுவாக. பாட்டில் தண்ணீர், ஆர்.ஓ தண்ணீர் எது கிடைத்தாலும் சரி. வேறு வழியே இல்லை என்றால் போர் தண்ணீர்கூடப் பரவாயில்லை.

ஆனால் அதை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர், கடலோரம் நெருங்க நெருங்க உப்பும் சேரும். பக்கெட்டிலும் ஹீட்டர் காயிலிலும் படியும் வெள்ளைக் காரை இருக்கிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். இன்றைக்கு ஒரு லீக்கை அடைத்து வீடு வந்து சேர்ந்து, தண்ணீரை மாற்றாமல் விட்டால், ஆறு மாதத்தில் இன்னொரு லீக்கை நீங்களே வளர்த்துவிடுகிறீர்கள்.

"நம்ம ஊர்ல பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கும் ஆள் எல்லாத் தெருவிலும் உண்டு. உறையாது, சரி. கூலன்ட்டின் வேலை அது மட்டுமில்லை. துரு பிடிக்காமல் காக்கும் ரசாயனங்கள் அதில்தான் இருக்கின்றன. வாட்டர் பம்ப் சீல் காய்ந்து தேயாமல் இருப்பதும் அதனால்தான்.

லீக் வேகமாக இருந்தால், அதாவது நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டுக்கு மேல் விழுந்தால், என்னுடைய சிபாரிசு: ஓட்டாதீர்கள். டாடா ஏஸ் ஒன்றைக் கூப்பிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று போனிலேயே பாருங்கள். பணம் கட்டியதையே பலர் மறந்திருப்பார்கள். அவர்களிடம் பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் நம் ஏரியாவில் குழப்பம் வரும். வில்லியனூர், அரியூர் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. கொஞ்சம் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. வேறு மாநிலத்தில் கால் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதை விளக்கி மாளாது. லொகேஷன் பின்னை அனுப்பிவிடுங்கள்.

சொட்டு எங்கேயிருந்து?

இதுதான் மெயின் மேட்டர். வண்டி ஆறியிருக்கிறது, வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு டார்ச், நாலைந்து டிஷ்யூ பேப்பர் போதும்.

முதலில், இது கூலன்ட்தானா? பச்சை, நீலம், சிவப்பு, ரோஸ் என்று நிறம் எதுவாகவும் இருக்கலாம். தொட்டால் வழுவழுப்பு, முகர்ந்தால் லேசான இனிப்பு வாசனை. பெட்ரோல் என்றால் வாசனையே காட்டிக்கொடுக்கும், சீக்கிரம் ஆவியாகிவிடும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். அது விஷம், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அடுத்தது ரிசர்வ் டேங்க். எங்கே இருக்கிறது என்பதை மேனுவலில் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி, ஆறிய நிலையில், மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். 'நிறைய இருந்தா நல்லதுதானே' என்று கழுத்து வரை ஊற்றி வைத்திருந்தால், சூட்டில் விரிந்து ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியாக வெளியே வரும். இது லீக்கே இல்லை. இப்படி ஒழுகியதைப் பார்த்து ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஓவர்ஃப்ளோ ட்யூபில் அடிக்கடி வருகிறது, அளவும் சரியாகத்தான் இருக்கிறது என்றால் இரண்டு பேரைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மூடி. அதன் ரப்பர் வாஷர் தடித்து வெடித்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மூடியில் அடைக்கிற வால்வு மட்டுமில்லை, ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடும் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. அது கெட்டால் டேங்க் நிறைந்துகொண்டே போகும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். மூடி மலிவான சாமான். வேறு எதையும் கழற்றுவதற்கு முன்னால் அதை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம், ஆனால் அதே எண் பொறித்த மூடியாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள், ஃபேன். ஃபியூஸ் போயிருந்தாலோ, மோட்டார் சிக்கியிருந்தாலோ ஃபேன் சுற்றாது, வண்டி பொங்கும். பார்க்கிறவர்கள் லீக் என்பார்கள்.

ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுக்கினால் மெத்தென்று அமுங்கித் திரும்பும். மொறுமொறுவென்றோ, கல் மாதிரியோ, ஒரு இடத்தில் மட்டும் வீங்கியோ இருந்தால் ஆயுசு முடிந்தது. ஹோஸ் முனைகளில் கிளிப்பை ஒட்டி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அங்கே பல நாளாகக் கசிகிறது என்று அர்த்தம். கிளிப்பை ஒரு சுற்று இறுக்கினாலே நின்றுவிடலாம். வெறி கொண்டு இறுக்கினால் ரப்பர் கிழியும்.

ரேடியேட்டரின் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முன் சக்கரம் வாரி அடிக்கும் கல் முதலில் போய்ப் படுவது இங்கேதான். நாலுவழிச் சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லி கிடக்கும் ரோட்டில், லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது நிச்சயப் பரிசு. மடங்கிய ஃபின்கள் வேறு, ஓட்டையான குழாய் வேறு. ஃபின் மடங்கினால் காற்றோட்டம் குறையும், அவ்ளோதான். ஈரமாக, எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு இடம் மினுங்கினால் குழாய் போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி, வண்டியை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வையுங்கள். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு போடும்.

கடைசியாக, கிளட்ச் கவர் பக்கம் இன்ஜினுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். பம்ப் உறைக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பல பேர் இதை உற்பத்திக் கோளாறு என்றே நினைக்கிறார்கள். வேண்டுமென்றே வைத்த ஓட்டை அது. வாட்டர் பம்பில் இரண்டு சீல்கள்: ஒன்று கூலன்ட்டைத் தடுக்க, இன்னொன்று ஆயிலைத் தடுக்க. இரண்டுக்கும் நடுவிலிருந்து இந்த ஓட்டை வெளியே வருகிறது. அங்கே கூலன்ட் சொட்டினால் கூலன்ட் சீல் போச்சு, ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போச்சு. ஒரு மணியடித்துத் தகவல் சொல்கிற மாதிரி. அந்த ஓட்டையில் எம்-சீலை உருட்டி அடைத்துவிட்டு, 'லீக் நின்னுடுச்சு' என்று அனுப்பிவைக்கும் கைவைத்தியர்கள் இருக்கிறார்கள். வெளியே வர வழியில்லாத கூலன்ட் அடுத்து எங்கே போகும்? இன்ஜின் ஆயிலுக்குள். வேண்டவே வேண்டாம்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ரிசர்வ் டேங்க் வாரம் ஒருமுறை இறங்குகிறது என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள். ஆயில் பார்க்கும் கண்ணாடி பால் காபி நிறத்தில் இருக்கிறதா? சைலன்ஸரில் இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை விடாமல் வருகிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

மஞ்சள் தூளும் முட்டையும்

அம்பாசடர் காலத்து டிரைவர் தாத்தாக்களிடம் கேட்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டிய கதை கிடைக்கும். முட்டை வெள்ளைக்கருவை ஊற்றியவர்களும் உண்டு. வேலை செய்ததா? செய்தது. தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், வெள்ளைக்கரு சூட்டில் வெந்து அடைக்கும். ஆனால் அந்தக் கார் ரேடியேட்டர்களின் குழாய் அகலம். உங்கள் பைக்கில் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஓட்டையை அடைக்கும் அதே மஞ்சள், குழாயையும் தெர்மோஸ்டாட்டையும் அடைக்கும்.

பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப் திரவங்களும் இதே குடும்பம்தான். என் பழைய 200 சிசி வண்டிக்கு ஒரு கடையில் என்னைக் கேட்காமலே அதை ஊற்றிவிட்டார்கள். லீக் நின்றது. அடுத்த சித்திரையில், வில்லியனூர் ரயில்வே கேட்டில் காத்து நின்ற நேரத்திலேயே வண்டி பொங்கியது. கழற்றிப் பார்த்தால் ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், "உள்ளே எதுவும் ஊத்தாதீங்கண்ணே, முதல்ல எங்க லீக்குன்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

வீடு சேர்வதற்குத் தற்காலிக ஏற்பாடு வேண்டுமென்றால், ஹோஸ் வெடிப்புக்குப் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் இருந்தால் இன்னும் நல்லது. கரன்ட் வேலைக்குப் பயன்படுத்தும் டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். ரேடியேட்டர் ஓட்டைக்கு, சுத்தமாகத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எம்-சீல் வைத்துக் காயவிடலாம். அழுத்தமும் சூடும் மாறி மாறி வர, அது ஒருநாள் பெயர்ந்தே தீரும். கிராமத்திலிருந்து சர்வீஸ் சென்டர் வரைக்கும்தான் அதற்கு ஆயுசு.

எந்தக் கடைக்குப் போவது?

பாகூர், மங்கலம் பக்கமெல்லாம் டிராக்டர் ரேடியேட்டருக்கு ஈயப் பற்று வைப்பதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பழைய டிராக்டர், லாரி ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். அதில் ஈயம் அழகாக ஒட்டும். உங்கள் பைக்கில் இருப்பது அலுமினியம். அந்த அண்ணனிடம் கொண்டுபோனால், நேர்மையான ஆளாக இருந்தால், "தம்பி, இதுல பத்து நிக்காது" என்று திருப்பி அனுப்புவார். அவரை நம்புங்கள்.

அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் பக்கம் விசாரித்துப் பாருங்கள். ஓரத்திலோ, பிராக்கெட் பக்கத்திலோ விரிசல் என்றால் வெல்டிங் நிற்கும். நடுவில் குழாயே ஓட்டை என்றால், குழாய் மெல்லிசு, வெல்டிங் சூட்டில் பக்கத்துக் குழாயும் போகும். அங்கே புதிய ரேடியேட்டர்தான் வழி. பக்கவாட்டுத் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தாலும் அதே கதை. பழைய இரும்புக் கடையில் அதே மாடல் ரேடியேட்டர் கிடைத்தால், தண்ணீருக்குள் முக்கி ஒரு முனையை அடைத்து மறுமுனையில் மெதுவாகக் காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் முதலில் அங்கே. பம்ப் சீல் மாதிரியானவை வாரண்டியில் வரலாம். கல்லடிச் சேதம் பொதுவாக வராது. வெளியில் வெல்டிங் செய்துவிட்டு அப்புறம் வாரண்டி கேட்டால் கை விரித்துவிடுவார்கள்.

வேலை முடிந்து கூலன்ட் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். 150 முதல் 400 சிசி வரையிலான வண்டிகளுக்கு அரை லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டருக்குள் பிடிக்கும். ரெடிமிக்ஸ் பாட்டில் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும், தண்ணீர் கலக்கக் கூடாது. கான்சென்ட்ரேட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்ற வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்வது ரொம்ப சகஜம். ஒரே நிறம் என்பதற்காக இரண்டு கம்பெனி கூலன்ட்டைக் கலக்காதீர்கள்; நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது, ஒத்துவராதவை சேர்ந்தால் கூழாகத் திரளவும் கூடும். முக்கியமாக, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை அமுக்கிவிட்டு, ஆறிய வண்டியை மூடி திறந்த நிலையில் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, குமிழி அடங்கிய பிறகு மறுபடி நிரப்பி மூட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் உள்ளே காற்றுப்பை மாட்டிக்கொண்டு, லீக்கே இல்லாத வண்டியும் பொங்கும்.

நம் ஊர் ரோடும் ரேடியேட்டரும்

நடவு நேரத்தில் கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர்கள் சேற்றை ரோட்டில் உதிர்த்துக்கொண்டு போகும். அறுவடைக்கு ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் பரப்பிக் கிடக்கும். சேலியமேடு, குருவிநத்தம் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள் ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தால், பதரும் சேறும் சேர்ந்து வரட்டி தட்டின மாதிரி ஃபின்களை மூடியிருப்பது தெரியும். ஈரத்தோடு ஒட்டிய மண் அலுமினியத்தை மெல்ல அரிக்கவும் செய்யும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தபோது மூழ்கிய வண்டி உங்களிடம் இருந்தால், ஃபேன் மோட்டாரையும் ரேடியேட்டரின் பின்பக்கத்தையும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுவும்போது வாட்டர் வாஷ் துப்பாக்கியை ரேடியேட்டருக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அந்த வேகத்துக்கு ஃபின்கள் தகரம் மாதிரி மடங்கும். தோட்டத்து ஹோஸில் சாதாரணத் தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும். ரேடியேட்டர் கார்டு போடுவது நல்லதுதான், ஆனால் கொசுவலை மாதிரி நெருக்கமாக இருந்தால் காற்று போகாது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து சாய்த்துவிட்டால், கண்ணாடி உடைந்ததா என்று பார்ப்பதோடு ரேடியேட்டர் ஓரத்தையும் பாருங்கள்.

சிந்தியதை அப்படியே விடாதீர்கள்

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுதான் ஆபத்தே. கொட்டாய்க்குப் பக்கத்தில் கூலன்ட் தேங்கி நின்றால் நாய் நக்கும், கன்றுக்குட்டியும் ஆடும் வாய் வைக்கும். உடம்புக்குள் போனால் அது வேறு ரசாயனங்களாக மாறிச் சிறுநீரகத்தைத் தாக்கும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. சிந்திய இடத்தில் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். டயரில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஓட்டாதீர்கள், வழுக்கும்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டக் கூடாது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைப்பது அதைவிட மோசம். பச்சையாக, இனிப்பாக, ஜூஸ் மாதிரியே இருக்கும் அதை வீட்டுக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். கூலன்ட் வந்த டப்பாவிலேயே ஊற்றி, மேலே பெரிதாக எழுதி, அடுத்த முறை சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டார்கள் என்றால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். டப்பாவோடு உடனே ஜிப்மர் மாதிரியான பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொடக்கத்தில் லேசான மயக்கம் மட்டும்தான் தெரியும், அதை நம்பி வீட்டிலேயே படுக்க வைத்துவிடக் கூடாது. இதற்கு முறிமருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

வண்டி சரியாகி வந்த அன்று ராத்திரி, அடியில் பழைய பேப்பர் விரித்து நிறுத்துங்கள். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறுவதால் முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், நிரப்பிவிட்டுப் புதுக் கோடு போடுங்கள். அடுத்த மூன்று நாள் காலையிலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேப்பர் காய்ந்திருந்து, கோடும் அங்கேயே இருந்தால், வண்டியை மறுபடி கடலூர் ரோட்டுக்கு எடுக்கலாம்.